கெடாத டிவி

ஈயம் உருகும்போது எழும் புகைக்கு ஒரு வாசனை உண்டு. குங்கிலியத்தையும் சூடேறிய தூசியையும் சேர்த்து முகர்ந்தது போல, மூக்கில் லேசான காரமும் தொண்டையில் லேசான இனிப்பும் தங்கும். மற்றவர்களுக்கு அது ரேடியோ, டிவி ரிப்பேர்க் கடையின் வாசனை. எனக்கு அது பொறாமையின் வாசனை. இன்றைக்கும் ஏதாவது ஒரு கடை வாசலில் அந்தப் புகை வந்து மோதினால், என் பெரியம்மா மகள் கோகிலாவின் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்குப் பிறகுதான் செல்வராசு மாமா வருகிறார்.

செல்வராசு மாமா என் அம்மாவின் தம்பி. பெரியம்மாவுக்கும் தம்பிதான் என்று இப்போது சேர்த்துச் சொல்கிறேன். அந்த வயதில் யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு சந்துக்குள், மருந்துக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில், ஒரே அறையில் அவருடைய கடை இருந்தது. அங்கே முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு டிவிகள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருக்கும். அப்போதுதான் கோயமுத்தூரில் ஒவ்வொரு வீடாகக் கலர் டிவி வாங்க ஆரம்பித்திருந்த காலம். பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் மாமாவின் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். அவர் எதையும் குப்பைக்கு அனுப்பமாட்டார். ஒன்றில் "பிக்சர் டியூப்" நன்றாக இருக்கும், இன்னொன்றில் மரப்பெட்டி நன்றாக இருக்கும், மூன்றாவதில் ஒலிபெருக்கி மட்டும் மிச்சம் இருக்கும். மூன்றையும் கலந்து ஒன்றை எழுப்பி உட்கார வைத்துவிடுவார். "தூக்கிப் போடறதுக்கு என்னங்க, ஒரு நிமிசம். அதைச் செஞ்சவன் எத்தனை நாள் குனிஞ்சு உக்காந்திருப்பான்?" என்பார்.

நல்ல மனிதர், ஆனால் கூச்சக்காரர். வேலை இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போய், காலை நீட்டி உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவது என்பது அவருக்கு வரவே வராது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அக்கா வீடுகளுக்கு வந்தால்கூட, தட்டைக் கொடுத்துவிட்டு, காபியை நின்றபடியே குடித்துவிட்டு, "கடையத் தொறந்து போட்டுட்டு வந்துட்டனுங்க" என்று கிளம்பிவிடுவார். கையில் "டெஸ்டர்" இருந்தால் மட்டும் அவருக்குக் கூச்சம் விட்டுப்போகும். டிவியின் முதுகைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டால் மனிதர் வேறு ஆளாகிவிடுவார். கதை சொல்வார், பாடுவார், இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். இதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே நான் சொல்லப் போவது விளங்கும்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீர் கொண்டுவருவது பெரிய விசேஷம். புடவை, பழம், பலகாரம், பாத்திரம் என்று தட்டுத்தட்டாக எடுத்துக்கொண்டு மேளத்தோடு வருவார்கள். அவற்றைப் பந்தலில் பரப்பி வைத்ததும், வந்திருக்கும் சொந்தக்காரர்கள் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை. எடை போட்டுப் பார்ப்பது. கோகிலாவுக்குச் சீர் நடந்தது காங்கேயத்தில். பெரியப்பாவுக்குத் தேங்காய்க் களமும் எண்ணெய் மில்லும் இருந்தன, வசதியான இடம். அந்த இடத்துக்குத் தக்கபடி செய்ய வேண்டும் என்று, மாமா ஒரு பெரிய கடையில் காசு கொடுத்து வாங்கிய புத்தம்புதிய கலர் டிவியைச் சீரில் வைத்தார். அட்டைப்பெட்டியைத் திறந்து இரண்டு ஆட்கள் அதை வெளியே தூக்கியதும், பந்தலில் இருந்த அத்தனை பேரும் ஒரு முறை மூச்சை இழுத்து விட்டார்கள். வெள்ளைத் தெர்மகோல் துணுக்குகள் காற்றில் பறந்து கோகிலாவின் தலையிலிருந்த பூவில் ஒட்டிக்கொண்டன. அவள் அவற்றைத் தட்டிவிடவே இல்லை. அந்த டிவியின் ரிமோட்டைப் பாலித்தீன் உறையோடு மடியில் வைத்துக்கொண்டுதான் அன்று முழுக்கப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்கு இரண்டு வயது இளையவள். என் முறை வரும்போது எனக்கும் இப்படி ஒன்று வரும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

என் முறை வந்தது. துடியலூரில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மேளச் சத்தம் தெருமுனையில் கேட்டபோதே என் கண் தட்டுகளைத் தாண்டிப் பின்னால் போனது. இரண்டு ஆட்கள் எதையோ தூக்கி வந்தார்கள். அதன்மேல் சிவப்புக் கோடு போட்ட புது பவானி ஜமுக்காளம் போர்த்தியிருந்தது. அட்டைப்பெட்டி இல்லையே என்று அப்போதே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். மாமா வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, ஜமுக்காளத்தை உருவினார்.

உள்ளே மரப்பெட்டி டிவி. கறுப்பு வெள்ளை. இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற மரக் கதவு வேறு. ரிமோட்டுக்குப் பதில் "டொக் டொக்" என்று திருகுகிற திருகு. பாலிஷ் போட்டுப் பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் கதவின் ஒரு மூலையில், ஒரு காலத்தில் யாரோ ஒரு குழந்தை பூப்படம் ஒட்டிவைத்திருந்த தடம், எத்தனை தேய்த்தும் போகாமல், ஐந்து இதழோடு வெளுப்பாகத் தெரிந்தது. அந்தக் குழந்தை யாரென்றே தெரியாமல் அதன்மேலும் பொறாமைப்பட்டேன். அதற்காவது இந்த டிவி புதுசாகக் கிடைத்ததே!

பெரியம்மா கிட்டே வந்து கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "பழசா இருந்தா என்ன கண்ணு, படந்தான தெரியோணும்," என்றாள். ஆறுதல் சொல்கிற குரல்தான். ஆனால் பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற ஆறுதல். அம்மா தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். மாமாவுக்கு இது எதுவுமே உறைக்கவில்லை. "இதுல ஒவ்வொரு கண்டென்சரும் நான் பாத்துப் பாத்துப் போட்டதுங்க. மழைக்கும் தாங்கும், கரண்டு ஏறுனாலும் தாங்கும். எங்க அக்காளுக்கு ஒரு தொந்தரவும் வராது," என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. அழுதால் கோகிலா பார்ப்பாள் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

மாமா சொன்னது அப்படியே பலித்தது. எங்கள் டிவிக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்த அப்பா, இயந்திரங்களைப் பற்றி லேசில் நல்ல வார்த்தை சொல்லாதவர், வேலை முடிந்து வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, "இந்த மாதிரி ஒரு பொட்டி யாருக்கு அமையுமுங்கறேன்?" என்று அடிக்கடி சொல்வார். மின்னல் வெட்டித் தெருவில் பாதி வீட்டு டிவிகள் படுத்தபோதும் எங்களுடையது கனைத்துக்கொண்டு மறுபடி எழுந்து படம் காட்டியது.

காங்கேயத்துக் கலர் டிவியோ நோஞ்சானாகிவிட்டது. மில் மோட்டார் ஓடும்போது அந்த வீட்டுக்கு வருகிற மின்சாரம் ஏறும், இறங்கும். படம் ஒரு நாள் பச்சையாகும், ஒரு நாள் குறுகும், ஒரு நாள் அணைந்தே போகும். இத்தனை பெரிய பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக் கோயமுத்தூர் கொண்டுவர முடியுமா? பெரியம்மா மாமாவின் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போன் போட்டுச் சொல்வாள். மாமா கடையைச் சாத்திவிட்டு, ரெக்சின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பல்லடம் வழியாகக் காங்கேயம் போகிற பஸ் ஏறிவிடுவார். போனால் வேலை முடியும் வரைக்கும் அங்கேயேதான் சாப்பாடு, தூக்கம் எல்லாம்.

காந்திபுரத்திலிருந்து டவுன் பஸ் ஏறினால் துடியலூர் அப்படி என்ன பெரிய தூரம்? இவ்வளவு பக்கத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வராத மனிதர் அவ்வளவு தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு மாதாமாதம் போகிறார் என்பதை என்னால் தாங்கிக்கொள்ளவே முடியவில்லை. விடுமுறைக்குப் போனால் கோகிலா வேண்டுமென்றே மாமாவின் பேச்சைத்தான் எடுப்பாள். மாமா அவளுக்குத் தாயக்கட்டை ஆடச் சொல்லிக்கொடுத்தாராம். களத்தில் தேங்காய் உடைக்கிற பெண்களுக்கெல்லாம் பாடிக் காட்டினாராம். அவளுடைய உடைந்த கொலுசுக்கு ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்தாராம். காலைத் தூக்கி அந்தக் கொலுசைக் காட்டினாள். ஒட்டின இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளிப் பொட்டு மாதிரி இருந்தது. புதுக் கொலுசைவிட எனக்கு அந்தப் பொட்டுத்தான் அழகாகத் தெரிந்தது. டிவியின் உள் உறுப்புகளின் பெயர்களை எல்லாம் சொந்தக்காரர்களின் பெயரைப் போல அவள் அடுக்குவாள். என் டிவிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. அதைத் திறக்க வேண்டிய தேவை ஒரு நாளும் வரவில்லையே!

எங்கள் டிவியை நான் வெறுக்க ஆரம்பித்தேன். கலர் இல்லை என்பதற்காக அல்ல, கெடவில்லை என்பதற்காக. தெருவிலிருந்த மாரியம்மன் கோயிலில் மற்றப் பிள்ளைகள் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டிருந்தபோது, நான் டிவி கெட்டுப்போக வேண்டும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வேண்டினேன். இடி இடித்தால் சந்தோஷமாக இருக்கும். இடி ஓய்ந்து, அப்பா திருகைத் திருப்பி, உள்ளே அந்த வெளிச்சப் புள்ளி மெல்ல விரிந்து படமாகும்போது எரிச்சலாக வரும்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது நடந்தது. பாட்டுப் போடுகிற நேரம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் வந்து இடம் பிடித்தாகிவிட்டது. அப்பா திருகினார். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மறுபடி திருகினார். பிளக்கைப் பிடுங்கிச் சொருகினார். அது கட்டையாகக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு பொங்கியது; முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டேன். அம்மன் கேட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அம்மா சமையலறை நிலையில் நின்றுகொண்டு, ரொம்பவும் அமைதியாக, "ஏனுங்க, தம்பிக்குப் போனைப் போட்டுச் சொல்லீருங்க. ஞாயித்துக்கெழமை வரட்டும்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "எப்படீங்க அக்கா கெடும்? கெடாதே!" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். தன் வேலை தோற்றுப்போனது அவருக்கு அவமானமாக இருந்தது. பாயை விரித்து, டிவியைத் திருப்பி, பின்பலகையின் திருகாணிகளைக் கழற்றினார். கழற்றும்போதே ஒரு திருகாணியின் தலையை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே குனிந்தார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எனக்கும் ஒரு நாள் வந்ததே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாமா நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார். "அக்கா, ப்யூஸ் போச்சுன்னா கருகிப்போயி அங்கயே கெடக்கும். இது எந்திரிச்சு நடந்து போயிருக்குதுங்க."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. "எலி கிலி தூக்கீட்டுப் போயிருக்கும்," என்றாள் அம்மா.

"எலி திருகாணியக் கழட்டுமுங்களா? காய் அரியற கத்தியில கழட்டியிருக்குது. தலையெல்லாம் தேஞ்சு கெடக்குது."

அம்மா வெளியே வந்தாள். கையில் கடுகு டப்பா இருந்தது. மூடியைத் திறந்து, விரலை விட்டுத் துழாவி, கண்ணாடிக் குச்சி மாதிரி இருந்த அந்தச் சின்ன ப்யூஸை எடுத்து மாமாவின் முன்னால் வைத்தாள். அதில் இரண்டு கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். நான் வேண்டிக்கொண்டதோடு நின்றேன். அம்மா கத்தியை எடுத்துவிட்டாள்!

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. "செட்டு அணைஞ்சிருந்தாலும் டியூப்புக்குள்ள கரண்டு தேங்கி நிக்குமுங்க அக்கா! கை அந்தப் பக்கம் பட்டிருந்தா தூக்கி எறிஞ்சிருக்கும். இந்தப் புள்ளையக் கொண்டுபோயி நான் எங்க நிறுத்தறது?" என்று கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். டெஸ்டரைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மாவும் விடவில்லை. "அவளூட்டு டிவிக்குத் தலவலி வந்தா பஸ் ஏறி ஓடற. ரெண்டு நாள் தங்கி உண்டுட்டு வார. எங்கூட்டுது நல்லா இருக்குதுன்னா, நாங்க என்ன பாவம் பண்ணிப்போட்டோம்? சீரு வெச்ச நாள்ல இருந்து இந்த ஊட்டுல நீ ஒரு நா உக்காந்து சோறு உண்டிருப்பியா தம்பி?"

மாமா ப்யூஸிலிருந்த கடுகைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். "உனக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாதுன்னுதான அக்கா நான் இதை இப்படிச் செஞ்சேன். பெரியக்காளுக்குக் கடையில காசக் குடுத்து வாங்குனேன். அது எவனோ செஞ்சது. இது நான் செஞ்சது. ரெண்டு மாசம் ராப்பகலா இதையே பாத்துட்டு இருந்தனுங்க," என்றார்.

"தொந்தரவு வந்தாத்தான் நீ வருவீன்னா, எனக்குத் தொந்தரவு வேணும்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே உள்ளே போய், அடுப்பில் தீய ஆரம்பித்திருந்த, எங்கள் பக்கத்துப் போளியான ஒப்புட்டைத் திருப்பிப் போட்டாள். மாமாவுக்கு ஒப்புட்டு என்றால் உயிர். அதற்கான கடலைப்பருப்பை முன்கூட்டியே வாங்கி, வெல்லத்தைப் பொடித்து, எல்லாவற்றையும் தயார் பண்ணி வைத்துக்கொண்டுதான் அம்மா ப்யூஸையே பிடுங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அன்றைக்கு மாமா சாயங்காலம் வரைக்கும் இருந்தார். ப்யூஸைப் போட ஒரு நொடி போதும். அவரோ டிவியின் உள்ளே இருந்த தூசியை எல்லாம் பிரஷ்ஷால் தட்டி, நன்றாக இருந்த ஒட்டுகளுக்கே மறுபடி ஈயம் வைத்து, கதவுச் சட்டங்களுக்கு மெழுகு தேய்த்து, நேரத்தை வளர்த்தார். அந்தப் புகை முதல் தடவையாக எங்கள் வீட்டுக்குள் பரவியது. கிளம்பும்போது, "இந்த மாதிரிப் பழைய செட்டுக்கெல்லாம் மாசாமாசம் சர்வீஸ் பாக்கோணுமுங்க," என்று அப்பாவிடம் முகத்தைக் கம்மென்று வைத்துக்கொண்டு சொன்னார். அப்பாவுக்கு உள்விவகாரம் தெரியுமோ தெரியாதோ, "ஆமாமா, பாத்துத்தான் ஆகோணும்," என்றார்.

அமாவாசை அன்றைக்கு எங்கள் ஊர்ப் பட்டறைகளும் கடைகளும் பெரும்பாலும் லீவு. அடுத்த அமாவாசையிலிருந்து மாமா தவறாமல் வந்தார். ரெக்சின் பையோடு வந்து, கெடாத டிவியைத் திறந்து, தூசி இல்லாத இடத்தைத் துடைத்து, சாப்பிட்டு, பேசி, மூடிவிட்டுப் போவார். செய்தி காங்கேயத்துக்கு எட்டியது. அடுத்த விடுமுறையில் கோகிலா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "உங்க டிவி கெடறதே இல்ல, அதுக்கு என்னத்துக்கு மாசாமாசம் சர்வீஸு?" என்று கேட்டாள். "பழசு பாரு, பக்குவமாப் பாத்துக்கோணும்," என்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ருசித்துச் சொன்ன வார்த்தை வேறு கிடையாது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமா வந்ததும் என் பொறாமை தீர்ந்துவிடவில்லை, இடம் மாறிவிட்டது. பாயில் டிவி திறந்து கிடக்கும். ஒரு பக்கம் மாமா, ஒரு பக்கம் அம்மா. சின்ன வயதில் வாய்க்காலில் விழுந்தது, யாரோ ஒரு வாத்தியாரின் கோமாளித்தனம் என்று எனக்குத் தெரியாத ஊரும் ஆட்களுமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் போய் உட்கார்ந்தால், "கண்ணு, அந்த ஸ்குரூ டிரைவர எடு," என்பார் மாமா. எடுத்துக் கொடுத்தால் பேச்சு மறுபடி அம்மாவிடம் போய்விடும். சீர் என் பெயருக்குத்தான் வந்தது. ஆனால் அது அம்மாவுக்கு வந்தது. அதைப் புரிந்துகொண்டபோது எனக்கு அம்மாவின் மேலேயே கொஞ்ச நாள் கோபமாக இருந்தது.

அம்மா போய் இப்போது வருஷம் ஆகிவிட்டது. அந்த மரப்பெட்டி டிவி என் வீட்டில் இருக்கிறது. அதற்குப் படம் அனுப்பிய கோபுரங்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. ஆனாலும் பிளக்கைச் சொருகினால் அந்த வெளிச்சப் புள்ளி இன்னும் விரிகிறது, விரிந்து வெறும் இரைச்சலைக் காட்டுகிறது. கோகிலா அதை இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள். தரமுடியாது என்று சொல்லிவிட்டேன். பதிலுக்கு அவள் அதைவிடப் பெரியதை எடுத்துக்கொண்டாள்: மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, போன பிறகு, அவர்கள் மகன் வெளிநாட்டில் இருப்பதால், மாமா இப்போது காங்கேயத்தில் அவள் வீட்டில்தான் இருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் என்னுடைய புது டிவி படம் மாட்டின சட்டம் போலத் தட்டையாக இருக்கிறது. போன வாரம் அதன் பின்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். பிடுங்கி ஒளித்துவைக்க அதில் ஒன்றுமே வெளியே இல்லை. கெட்டுப்போனால் கம்பெனி ஆள் வருவான், கால் பாவாமல் நின்று பார்ப்பான், "புதுசு வாங்கிக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

கடைசியில் காங்கேயத்துக்குப் போன் போட்டேன். மாமாதான் எடுத்தார்.

"மாமா, எங்கூட்டு டிவி ஓடலீங்க."

எனக்குப் பின்னால் அந்தப் புது டிவியில் யாரோ ஒருத்தி ஓங்கிய குரலில் நகைச்சீட்டு விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "அம்மணி, ப்யூஸு எங்க இருக்குது?" என்று கேட்டார்.

"கடுகு டப்பாவுலீங்க மாமா."

அவர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் வேறு எதுவோ ஆனது. "அமாவாசைக்கு வாரேன் கண்ணு," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

போனுக்கு அந்தப் பக்கம், சற்றுத் தள்ளி, கோகிலாவின் குரல் கேட்டது: "யாரூட்டுல மாமா? என்னத்துக்கு இப்ப அவ்வளவு தூரம் போகோணும்?" எனக்கு மிகவும் பழக்கமான புளிப்பு அந்தக் குரலில் இருந்தது. போனை வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்த்தேன். அமாவாசை மறுநாள்தான். ஒப்புட்டுக்குக் கடலைப்பருப்பை எடுத்துக் கல் பொறுக்கி வைத்தேன்.